பேஸ்பால்: போட்டி லீகுகளின் தொடக்க வரலாறு

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சியில் இன்று நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என இரண்டு லீகுகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் பருவ முடிவில் இரண்டின் சாம்பியன்களும் உலகத் தொடரில் மோதுகிறார்கள். இந்த இரட்டை அமைப்பை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு உருவாக்கவில்லை. 1871 முதல் 1915 வரை ஏழு லீகுகள் முதல்தரத் தகுதிக்கு உரிமை கோரின. ஒன்றை ஒன்று அழிக்கப் பார்த்தன. வீரர்களைக் கவர்ந்து சென்றன. நீதிமன்றப் படி ஏறின. ஐந்து மறைந்தன. எஞ்சிய இரண்டும் 1903இல் சண்டை ஓய்ந்து உடன்படிக்கை செய்துகொண்டவை.

நுழைவுச் சீட்டின் விலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், மது விற்பனை, பெரிய நகரங்களைப் பங்கிட்டுக்கொள்வது எனச் சண்டைக்குக் காரணங்கள் பல. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில், ஆட்டக்காரரின் உழைப்பை விற்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி கிடந்தது. புதிய லீக் முளைத்த போதெல்லாம் வீரர்களின் சம்பளம் ஏறியது; லீகுகள் சமாதானமான போதெல்லாம் இறங்கியது. இந்த வரலாற்றை உரிமையாளர்களின் வெற்றி தோல்விகளாகவே எழுதுவது வழக்கம். சம்பளப் பட்டியலின் பக்கமிருந்து படித்தால் அது இன்னும் தெளிவாக விளங்கும் என்பது இக்கட்டுரையின் நோக்கு.

சங்கத்திலிருந்து லீகுக்கு

1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் இந்த ஆட்டத்துக்கு விதிகளை எழுதி வைத்தது. 1857இல் பல கிளப்புகள் கூடி ஒரு சங்கம் கண்டன. ஆட்டத்துக்குக் கூலி வாங்கக் கூடாது என்பது அச்சங்கத்தின் கொள்கை. ஆனால் நன்றாகப் பந்தெறியும் பிட்சருக்குக் கையில் கொஞ்சம் பணமும், பெயருக்கு ஒரு கடை வேலையும் கொடுத்து வைத்துக்கொள்வது 1860களில் பரவலாகிவிட்டது. 1869இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி இந்த மறைப்பை விலக்கி, தன் வீரர்கள் எல்லோரும் சம்பளக்காரர்கள் என்று வெளிப்படையாக அறிவித்தது. அணியை நடத்திய ஹாரி ரைட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர்; கிரிக்கெட் பயிற்றுநரின் மகன்; தாமும் கிரிக்கெட்டுக்காகவே சின்சினாட்டிக்குக் கூலி பேசி அழைக்கப்பட்டவர். அவருடைய தம்பி ஜார்ஜ் ரைட்டுக்கு அந்தப் பருவத்தில் 1,400 டாலர். தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் ஆண்டு வருமானத்தைவிட அது அதிகம். அந்த ஆண்டு அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1870 ஜூன் 14 அன்று புரூக்ளினில் அட்லாண்டிக்ஸ் அணியிடம் 8-7 என்ற கணக்கில் வீழ்ந்தபோதுதான் அதன் வெற்றி வரிசை அறுந்தது.

சம்பளம் வாங்கும் அணிகள் பெருகவே, பழைய சங்கம் உடைந்தது. 1871 மார்ச் 17 அன்று நியூயார்க்கில் பத்து கிளப்புகளின் பேராளர்கள் கூடி, தொழில்முறை வீரர்களுக்கான நேஷனல் அசோசியேஷனை நிறுவினார்கள். நுழைவுக் கட்டணம் பத்தே டாலர். இந்தத் தொகையே அந்த அமைப்பின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறது. பத்து டாலர் கட்டினால் எந்த ஊர் அணியும் சேரலாம். பணம் தீர்ந்தால் பருவத்தின் நடுவே கலைந்தும் போகலாம். ஆட்ட அட்டவணையை கிளப்புகளே கடிதம் எழுதிப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பந்தயக்காரர்கள் மைதானத்துக்குள்ளேயே நடமாடினார்கள். ஒப்பந்தத்தை முறித்துக் கூடுதல் பணம் தரும் அணிக்குத் தாவும் வீரர்களுக்கு ‘ரிவால்வர்’ என்று பெயரே வந்துவிட்டது. சுழன்றுகொண்டே இருப்பவர்கள் என்று பொருள். முதல் ஆண்டு பிலடெல்ஃபியா வென்றது. பிறகு ஹாரி ரைட் பாஸ்டனில் கட்டியெழுப்பிய அணி 1872 முதல் 1875 வரை நான்கு ஆண்டுகளும் பட்டத்தை விடவில்லை. 1875இல் அது 71 ஆட்டங்களில் வென்று 8இல் மட்டும் தோற்றது. முடிவு முன்பே தெரிந்த பந்தயத்துக்கு மற்ற ஊர்களில் கூட்டம் வரவில்லை.

அந்தக் குழப்பத்துக்கு நடுவே வீரர்களுக்கு ஒரு சுதந்திரம் இருந்தது என்பதையும் குறிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் விரும்பிய இடத்துக்குப் போகலாம். அமைப்பின் பெயரிலேயே ‘வீரர்கள்’ இருந்தார்கள். அடுத்து வந்த அமைப்பின் பெயரில் அந்தச் சொல் இல்லை; கிளப்புகளின் லீக் என்றே அது தன்னை அழைத்துக்கொண்டது.

நேஷனல் லீக்கும் ஐந்து பெயர்களும்

சிகாகோ கிளப்பின் வில்லியம் ஹல்பர்ட், 1875 பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே பாஸ்டனின் நான்கு நட்சத்திரங்களை அடுத்த ஆண்டுக்குப் பேசி முடித்திருந்தார். அவர்களில் முதன்மையானவர் பிட்சர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். பின்னாளில் விளையாட்டுப் பொருள் வணிகத்தில் பெரும்பெயர் பெற்றவர். பிலடெல்ஃபியாவிலிருந்து ஏட்ரியன் ஆன்சனும் வந்தார். பருவத்தின் நடுவே இப்படிப் பேசுவது விதிமீறல். சங்கம் தம்மைத் தண்டிக்கக்கூடும் என்று கருதிய ஹல்பர்ட் முந்திக்கொண்டார். 1876 பிப்ரவரி 2 அன்று நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ஹோட்டலில் எட்டு கிளப்புகளைச் சேர்த்து நேஷனல் லீக்கைத் தொடங்கினார். நேஷனல் அசோசியேஷன் அத்துடன் மறைந்தது. ஆகவே பேஸ்பாலின் முதல் போட்டி லீக் நேஷனல் லீக்தான். பின்னால் வந்த ஒவ்வொரு போட்டியாளரையும் அது வரம்பு மீறி வந்தவராகவே பார்த்தது. தானும் அப்படிப் பிறந்ததை அது நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

புதிய லீக்கின் கட்டுப்பாடு கடுமையானது. ஆண்டுக் கட்டணம் 100 டாலர். கிளப்பின் நகரில் 75,000 பேராவது வசிக்க வேண்டும். ஒரு நகருக்கு ஒரு கிளப்தான். நுழைவுச் சீட்டு 50 சென்ட் என்பது வழக்கமானது. ஞாயிறு ஆட்டமும் மைதானத்தில் மதுவும் லீக்குக்கு ஆகாதவை. முதல் பருவத்தின் இறுதியில் நியூயார்க், பிலடெல்ஃபியா அணிகள் செலவுக்கு அஞ்சி மேற்கு நகரங்களுக்குப் பயணம் போக மறுத்தன. நாட்டின் மிகப் பெரிய இரண்டு நகரங்கள் என்றும் பாராமல் ஹல்பர்ட் இரண்டையும் வெளியேற்றினார். 1877இல் லூயிவில் அணியின் நான்கு வீரர்கள் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிய விவகாரத்தில் வாழ்நாள் தடைக்கு ஆளானார்கள். லீக்கின் நாணயத்தை இந்த நடவடிக்கைகள் காப்பாற்றின என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே கட்டுப்பாட்டின் இன்னொரு முகம் 1879 செப்டம்பரில் வெளிப்பட்டது. நஷ்டத்துக்குக் காரணம் சம்பளமே என்று கருதிய கிளப் உரிமையாளர்கள் பஃபலோ நகரில் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு கிளப்பும் தன் வீரர்களில் ஐந்து பேரின் பெயரைக் குறித்துக் கொடுக்கும். அந்த ஐவரை வேறெந்த கிளப்பும் வேலைக்கு எடுக்காது. இதுவே தக்கவைப்பு விதி. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் பழைய முதலாளியிடமே பேரம் பேச வேண்டும். அவர் சொல்லும் தொகையை ஏற்க வேண்டும், அல்லது ஆட்டத்தை விட வேண்டும். இன்று கிரிக்கெட் ஏலங்களில் ‘தக்கவைப்பு’ என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய வாசகர் இதை அதனுடன் ஒப்பிடக் கூடாது. அங்கே ஒப்பந்தத்துக்குக் கெடு உண்டு. இங்கே விதிக்கு முடிவே இல்லை. முதலில் ஐவருக்கு மட்டும் என்றிருந்தது சில ஆண்டுகளில் பதினொருவர் ஆகி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அணி முழுவதையும் வளைத்துக்கொண்டது.

பீர், விஸ்கி, இருபத்தைந்து சென்ட்

நேஷனல் லீக் மூடிய கதவுகள் ஒவ்வொன்றும் ஒரு போட்டியாளருக்குத் திறந்த வாசலாகின. 1880இல் சின்சினாட்டி கிளப் மைதானத்தில் பீர் விற்றதற்காகவும் ஞாயிறுகளில் மைதானத்தை வாடகைக்கு விட்டதற்காகவும் விலக்கப்பட்டது. ஜெர்மானியக் குடியேறிகள் நிறைந்த ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் பீர் அருந்தியபடி பொழுதைக் கழிப்பது அவர்களுக்குப் பண்பாடு. வாரத்தில் ஆறு நாளும் தொழிற்சாலையில் நின்றவருக்கு ஓய்வு கிடைப்பதும் அந்த ஒரு நாளில்தான். அவரைப் பொறுத்தவரை ஞாயிறு ஆட்டம் கிடையாது என்றால் ஆட்டமே கிடையாது என்றுதான் அர்த்தம்.

1881 நவம்பரில் சின்சினாட்டியில் அமெரிக்கன் அசோசியேஷன் பிறந்தது. சின்சினாட்டி, பிலடெல்ஃபியா, செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க், பால்டிமோர், லூயிவில் ஆகிய ஆறு நகரங்களுடன் 1882இல் ஆடத் தொடங்கியது. சீட்டு 25 சென்ட், ஞாயிறு ஆட்டம் உண்டு, மது விற்கலாம். பத்திரிகைகள் இதை ‘பீர் விஸ்கி லீக்’ என்று ஏளனம் செய்தன. செயின்ட் லூயிஸின் உரிமையாளர் கிறிஸ் ஃபான் டெர் ஆ, மைதானத்துக்கு அருகே மளிகையும் மதுக்கடையும் நடத்திய ஜெர்மானியர். ஆட்ட நாள்களில் தம் கடையில் கூட்டம் மொய்ப்பதைக் கண்டு பேஸ்பாலில் பணம் போட்டவர். ஆட்டத்தின் நுணுக்கம் அவருக்குக் குறைவாகவே தெரிந்திருக்கலாம். ஆனால் யார் பார்க்க வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்பதை ஹல்பர்ட்டைவிட நன்றாக அறிந்திருந்தார். சார்லஸ் கோமிஸ்கியின் தலைமையில் அவருடைய பிரவுன்ஸ் அணி 1885 முதல் 1888 வரை தொடர்ந்து நான்கு முறை அசோசியேஷன் பட்டம் வென்றது.

1882 ஏப்ரலில் ஹல்பர்ட் காலமானார். அவருக்குப் பின் வந்தவர்கள் சண்டையைவிடச் சமரசம் லாபம் என்று கண்டார்கள். 1883இல் இரு லீகுகளும் நார்த்வெஸ்டர்ன் லீக் என்ற சிறு லீக்கும் கூடித் தேசிய உடன்படிக்கை செய்தன. ஒருவர் தக்கவைத்த வீரரை மற்றவர் தொடுவதில்லை என்பதே அதன் சாரம். ஒவ்வொரு கிளப்புக்கும் பதினொரு பெயர்கள். போட்டி லீக் வந்ததால் ஓராண்டு காலம் கிடைத்த பேரம் பேசும் வலு, வீரர்களின் கையிலிருந்து இப்படி நழுவியது. சமாதானத்தின் இன்னொரு விளைவாக 1884 முதல் இரு சாம்பியன்களும் பருவ முடிவில் மோதிக்கொண்டார்கள்.

ஒரு பருவம் வாழ்ந்த யூனியன் அசோசியேஷன்

செயின்ட் லூயிஸின் இளம் செல்வந்தர் ஹென்றி லூக்கஸ் தக்கவைப்பு விதியை எதிர்த்து 1884இல் தொடங்கியது யூனியன் அசோசியேஷன். நோக்கம் நல்லது, கட்டுமானம் மோசம். தம் அணியிலேயே சிறந்தவர்களை எல்லாம் அவர் குவித்துக்கொண்டார். அந்த அணி முதல் 20 ஆட்டங்களையும் வென்றது. மொத்தம் 94 வெற்றி, 19 தோல்வி. பாஸ்டனின் ஆதிக்கம் நேஷனல் அசோசியேஷனுக்குச் செய்ததையே இதுவும் தன் லீக்குக்குச் செய்தது. அல்டூனா 25 ஆட்டங்களோடு கலைந்தது. கடைசியில் சேர்ந்த செயின்ட் பால் அணி சொந்த ஊரில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பருவம் முடிந்ததும் லூக்கஸ் நேஷனல் லீக்கில் இடம் கேட்டுச் சேர்ந்துவிட்டார். அவரை நம்பி வந்த வீரர்கள் அபராதம் கட்டித் திரும்ப வேண்டியதாயிற்று.

இந்தச் சிறு போருக்கு எதிர்பாராத ஒரு பின்விளைவு உண்டு. யூனியன்காரர்களுக்கு ஊர் கிடைக்காமல் செய்ய அமெரிக்கன் அசோசியேஷன் தன் அணிகளை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. அப்படிச் சேர்க்கப்பட்ட டொலீடோ அணியில் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கருப்பின வீரர் இருந்தார். ஓபர்லின், மிச்சிகன் கல்லூரிகளில் படித்தவர். கேட்சர், அதாவது பிட்சர் எறியும் பந்தை மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பிடிப்பவர். அந்த ஆண்டு 42 ஆட்டங்கள் ஆடினார். அவருடைய தம்பி வெல்டியும் சில ஆட்டங்களில் இறங்கினார். முந்தைய ஆண்டே, வாக்கர் இருக்கும் அணியுடன் ஆட மாட்டேன் என்று சிகாகோவின் ஆன்சன் முரண்டு பிடித்தார். நுழைவுச் சீட்டு வசூலில் பங்கு கிடைக்காது என்று தெரிந்த பிறகே களமிறங்கினார். 1884க்குப் பின் டொலீடோ விலக்கப்பட்டது. எழுதப்படாத நிறத்தடை இறுகியது. அடுத்த கருப்பின வீரர் இந்த லீகுகளில் கால் வைக்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிளேயர்ஸ் லீக்: வீரர்கள் எழுப்பிய வீடு

போட்டி லீகுகளில் மிக உயர்ந்த கனவு 1890இல் வந்தது. அதன் மையத்தில் இருந்தவர் நியூயார்க்கின் ஜான் மான்ட்கமரி வார்ட். பிட்சராகத் தொடங்கி ஷார்ட்ஸ்டாப் என்ற களத்தடுப்பு இடத்துக்கு மாறியவர். ஆடிக்கொண்டே கொலம்பியாவில் சட்டம் பயின்றவர். 1885இல் அவர் தலைமையில் வீரர்களின் சகோதரத்துவச் சங்கம் உருவானது. 1887இல் லிப்பின்காட்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பேஸ்பால் வீரர் ஓர் உடைமைப் பொருளா என்று கேட்டது. அடிமை முறை ஒழிந்து கால் நூற்றாண்டுகூட ஆகாத நாட்டில், சட்டம் படித்த ஒருவர் அறிந்தே தேர்ந்த சொல் அது.

1888 இலையுதிர் காலத்தில் ஸ்பால்டிங் இரண்டு அணிகளைத் திரட்டி உலகப் பயணம் புறப்பட்டார். வார்டும் உடன் சென்றார். ஹவாய், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா வழியாக வந்த அவர்கள் 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடினார்கள். பிறகு எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். சங்கத்தின் தலைவர் நாட்டில் இல்லாத அந்த நேரத்தில், நேஷனல் லீக் உரிமையாளர்கள் இந்தியானாபோலிஸின் ஜான் பிரஷ் முன்வைத்த வகைப்பாட்டுத் திட்டத்தை நிறைவேற்றினார்கள். வீரர்களை ஐந்து தரமாகப் பிரித்து, 1,500 முதல் 2,500 டாலர் வரை சம்பளம் நிர்ணயிப்பது அந்தத் திட்டம். தரத்தை முடிவு செய்வதில் ஆடுகளத் திறமையோடு சொந்த வாழ்க்கையின் ஒழுக்கமும் கணக்கில் வரும்.

திரும்பி வந்த வார்ட் பேச்சுவார்த்தை கேட்டார். லீக் காலம் கடத்தியது. உடனே வேலைநிறுத்தம் வேண்டும் என்ற குரல்களை அடக்கி, வார்ட் பருவத்தை முடிக்கச் செய்தார். 1889 நவம்பரில் சங்கம் தன் லீக்கை அறிவித்தது. கிளீவ்லாந்தில் டிராம் வண்டி நிறுவனம் நடத்திய ஆல்பர்ட் ஜான்சன் உள்ளிட்டோர் முதலீடு செய்தார்கள். தக்கவைப்பு விதி கிடையாது, வகைப்பாடு கிடையாது, நிர்வாகத்தில் முதலீட்டாளர்களோடு வீரர்களும் அமர்வார்கள், லாபத்திலும் அவர்களுக்குப் பங்கு. நேஷனல் லீக்கின் பெரும்பாலான முன்னணி வீரர்கள் கூட்டமாக வெளியேறி வந்தார்கள். வார்டைத் தடுக்க நியூயார்க் கிளப் தொடுத்த வழக்கில், தக்கவைப்பு ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது, தெளிவில்லாதது என்று 1890 ஜனவரியில் நீதிபதி ஓ’பிரையன் தடையாணை மறுத்தார்.

பிளேயர்ஸ் லீக்கின் எட்டு நகரங்களில் ஏழு நேஷனல் லீக்குக்கும் ஊர். ஸ்பால்டிங் தலைமையிலான போர்க்குழு, ஆட்ட நாள்கள் ஒரே நாளில் மோதும்படி அட்டவணை போட்டது. நியூயார்க்கில் இரு மைதானங்களும் ஒன்றை ஒன்று ஒட்டியே இருந்தன. 1890 மே 12 அன்று நேஷனல் லீக் ஆட்டத்தில், பதின்மூன்றாம் இன்னிங்ஸ் வரை யாரும் ஓட்டம் எடுக்கவில்லை. அப்போது மைக் டியர்னன் அடித்த பந்து சுவரைத் தாண்டிப் பறந்து பக்கத்து மைதானத்தின் சுவரில் மோதியது. அங்கே வேறு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் எழுந்து கைதட்டினார்கள். அந்த ஆண்டில் இரு தரப்பும் சேர்ந்து மகிழ்ந்த தருணம் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

வெளியான கணக்குகளின்படி பிளேயர்ஸ் லீக்குக்கு ஏறத்தாழ 9.8 லட்சம் பேரும், நேஷனல் லீக்குக்கு 8.1 லட்சம் பேரும் வந்தார்கள். வீரர்களை இழந்த நேஷனல் லீக்கின் பிட்ஸ்பர்க் அணி 23 ஆட்டங்களில் வென்று 113இல் தோற்றது. பட்டத்தை மைக்கேல் கெல்லியின் பாஸ்டன் அணி வென்றது. அவரைத் திரும்ப இழுக்க 10,000 டாலர் தருவதாகச் சொன்னதையும், தோழர்களைக் கைவிட முடியாதென்று அவர் மறுத்ததையும் ஸ்பால்டிங்கே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். ஆடுகளத்திலும் கூட்டத்திலும் வென்ற லீக் மேசையில் தோற்றது. மூன்று லீகுகளும் நஷ்டத்தில் இருந்தன. தன் நஷ்டத்தை மறைத்துக்கொண்டு ஸ்பால்டிங் எதிர்த்தரப்பு முதலீட்டாளர்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசினார். அவர்கள் அஞ்சித் தங்கள் பங்குகளை நேஷனல் லீக் கிளப்புகளோடு இணைத்துவிட்டார்கள். பேச்சுவார்த்தையில் வீரர்களுக்கு இடம் தரப்படவில்லை. 1891 ஜனவரிக்குள் எல்லாம் முடிந்தது. கனவில் குறையில்லை, மைதானமும் கட்டடமும் தங்கள் பெயரில் இல்லாத வீரர்கள், முதலாளிகளின் துணிவை நம்ப வேண்டியிருந்ததே குறை.

இந்தப் போரில் அமெரிக்கன் அசோசியேஷனும் நசுங்கியது. திரும்பி வந்த வீரர்களைப் பங்கிடுவதில் ஏற்பட்ட தகராறில் அது 1891இல் தேசிய உடன்படிக்கையிலிருந்து விலகியது. லூயிஸ் பியர்பவர் என்ற வீரரைப் பிட்ஸ்பர்க் எடுத்துக்கொண்ட விதத்தைக் கடற்கொள்ளைக்கு ஒப்பிட்டார்கள். அந்த வசையையே அணி பெயராகச் சூட்டிக்கொண்டது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பெயர் வந்தது இப்படித்தான். அந்த ஆண்டின் முடிவில் அசோசியேஷனின் நான்கு கிளப்புகள் நேஷனல் லீக்கில் கரைந்தன. மற்றவை பணம் பெற்று ஒதுங்கின.

1892 முதல் 1899 வரை பன்னிரண்டு அணிகளுடன் நேஷனல் லீக் தனியாட்சி செய்தது. சம்பளத்துக்கு 2,400 டாலர் என உச்சவரம்பு வந்தது. ஒரே முதலாளி இரண்டு கிளப்புகளை வைத்துக்கொள்வதும் அனுமதிக்கப்பட்டது. கிளீவ்லாந்தையும் செயின்ட் லூயிஸையும் சேர்த்து வைத்திருந்த ராபிசன் சகோதரர்கள், கிளீவ்லாந்தின் நல்ல வீரர்களையெல்லாம் செயின்ட் லூயிஸுக்கு மாற்றினார்கள். 1899இல் கிளீவ்லாந்து 20 வெற்றி, 134 தோல்வி என்று முடித்தது. பருவ முடிவில் லீக் நான்கு அணிகளைக் கழித்து எட்டாகச் சுருங்கியது.

அமெரிக்கன் லீக்: வென்ற போட்டியாளர்

சின்சினாட்டியில் விளையாட்டுச் செய்தியாளராக இருந்த பான் ஜான்சன் 1894 முதல் வெஸ்டர்ன் லீக் என்ற சிறு லீக்கை நடத்திவந்தார். நடுவரைத் திட்டினால் தண்டனை உறுதி. குடும்பங்கள் அச்சமில்லாமல் வரலாம் என்று அதற்கு நல்ல பெயர். பிரவுன்ஸின் பழைய தலைவர் கோமிஸ்கி அவருக்குத் துணை. 1900இல் லீக்கின் பெயர் அமெரிக்கன் லீக் என மாறியது. நேஷனல் லீக் கைவிட்ட நகரங்களில் கால் ஊன்றி, 1901இல் தான் முதல்தர லீக் என்று அறிவித்து, தேசிய உடன்படிக்கையை உதறியது. 2,400 டாலர் வரம்பில் புழுங்கிய வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்த ஒரே ஆண்டில் மாறினார்கள். பிட்சர் சை யங் பாஸ்டனின் புதிய அணிக்கு வந்தார்.

பிலடெல்ஃபியாவின் நெப்போலியன் லாஜுவே, தெருவைத் தாண்டியது போல அதே ஊரின் புதிய அணியான அத்லெடிக்ஸுக்குப் போய், 1901இல் .426 என்ற மட்டையடிச் சராசரி எடுத்தார். பழைய கிளப் வழக்குப் போட்டது. அவருடைய திறமைக்கு ஈடான இன்னொருவரை எளிதில் பெற முடியாது என்று சொல்லி, பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 1902 ஏப்ரலில் கிளப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு அந்த மாநில எல்லைக்குள்தான் செல்லும். ஆகவே லாஜுவே கிளீவ்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அணி பிலடெல்ஃபியாவுக்கு ஆடப் போகும்போதெல்லாம் அவர் மாநிலத்துக்கு வெளியே தங்கிவிடுவார்.

1902 ஜூலையில் பால்டிமோரின் மேலாளர் ஜான் மெக்ரா, ஜான்சனோடு மோதி நேஷனல் லீக்கின் நியூயார்க் அணிக்குத் தாவினார். பால்டிமோர் கிளப்பின் பங்குகளும் எதிரிகளின் கைக்குப் போயின. வீரர்கள் பலர் விடுவிக்கப்பட்டு ஒரு நாள் ஆட்டத்துக்கே ஆளில்லாமல் போனது. ஜான்சன் மற்ற அணிகளிடம் கடனாக வீரர்களைப் பெற்று அந்தப் பருவத்தை ஒப்பேற்றினார். அடுத்த ஆண்டு அந்த இடத்தை நியூயார்க்குக்கே மாற்றினார். பின்னாளின் நியூயார்க் யாங்கீஸ் அதுவே. அதற்குள் மக்கள் தீர்ப்பு வந்துவிட்டது. 1902இல் அமெரிக்கன் லீக்குக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர். நேஷனல் லீக்குக்கு 17 லட்சத்துக்கும் குறைவு.

1903 ஜனவரியில் சின்சினாட்டியில் சமாதானம் ஆனது. தகராறில் இருந்த வீரர்கள் பங்கிடப்பட்டார்கள். தக்கவைப்பு விதியை இருவரும் மதிப்பதாக ஒப்பினார்கள். இரு லீக் தலைவர்களும் சின்சினாட்டியின் கேரி ஹெர்மனும் கொண்ட மூவர் ஆணையம் ஆட்சிக்கு வந்தது. அதில் வீரர்களின் பேராளர் யாரும் இல்லை. அந்த அக்டோபரில் பாஸ்டன், பிட்ஸ்பர்க்கை 5-3 என்று வென்றதே முதல் நவீன உலகத் தொடர். மறு ஆண்டு மெக்ராவின் நியூயார்க் அணி புதிய லீக்கோடு ஆட மறுத்ததால் தொடர் நடக்கவில்லை, 1905இலிருந்து ஒழுங்கானது. 1903இல் நிலைபெற்ற பதினாறு அணிகளும் அவற்றின் நகரங்களும் அரை நூற்றாண்டு மாறவில்லை.

ஃபெடரல் லீக்

1913இல் சிறு லீக்காகத் தொடங்கிய ஃபெடரல் லீக், ஜேம்ஸ் கில்மோரின் தலைமையில் 1914இல் முதல்தர உரிமை கோரியது. சிகாகோ அணியின் உரிமையாளர் சார்லஸ் வீக்மன் மதிய உணவுக் கடைகள் நடத்தியவர். புரூக்ளின் அணி ரொட்டித் தொழிலதிபர்களான வார்ட் சகோதரர்களுடையது. அவர்கள் விற்ற ரொட்டியின் பெயரே அணியின் பெயரும். ஜோ டிங்கர், மூவிரல் பிட்சர் மார்டிகாய் பிரவுன் முதலியோர் தாவினார்கள். தாவாதவர்களும் பயன் பெற்றார்கள்: டிட்ராய்ட் அணி டை காபின் சம்பளத்தை 20,000 டாலராக உயர்த்தியது. பால்டிமோரில் ஃபெடரல் அணி, ஊரின் சிறு லீக் அணிக்கு எதிரிலேயே மைதானம் கட்டியது. கூட்டத்தை இழந்த சிறு அணியின் உரிமையாளர் பணமுடையால் 1914 ஜூலையில் பத்தொன்பது வயதுப் பிட்சர் ஒருவரைப் பாஸ்டனுக்கு விற்றார். அவர் பேப் ரூத்.

1915 பருவம் போல நெருக்கமான முடிவு அரிது. சிகாகோ 86 வெற்றி, 66 தோல்வி. செயின்ட் லூயிஸ் 87 வெற்றி, 67 தோல்வி. விழுக்காட்டில் மயிரிழை முந்திய சிகாகோவுக்குப் பட்டம். அந்த டிசம்பரில் லீக் கலைந்தது. வீக்மனுக்குச் சிகாகோ கப்ஸை வாங்க அனுமதி கிடைத்தது. அவர் 1914இல் கட்டிய மைதானத்துக்குக் கப்ஸ் குடிபெயர்ந்தது. ரிக்லி ஃபீல்ட் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. சம்பளங்கள் உடனே சரிந்தன. பாஸ்டன் தன் நட்சத்திரம் டிரிஸ் ஸ்பீக்கரின் ஊதியத்தை ஏறத்தாழ பாதியாக வெட்டப் பார்த்தது. அவர் மறுக்கவே, 1916 பருவம் தொடங்குமுன் கிளீவ்லாந்துக்கு விற்றுவிட்டது.

நிறத்தடைக்கு அப்பால்

வெள்ளையர் லீகுகள் பூட்டிய கதவுக்கு வெளியிலும் இதே வரலாறு நடந்தது. 1920 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் கருப்பினத்தவருக்கான நீக்ரோ நேஷனல் லீக்கை நிறுவினார். சிறந்த பிட்சர், மேலாளர், உரிமையாளர் மூன்றுமாக இருந்தவர் அவர். 1923இல் கிழக்கு நகரங்களில் ஈஸ்டர்ன் கலர்ட் லீக் எழுந்து அவருடைய வீரர்களைக் கவர்ந்தது. ஓராண்டில் சமாதானம், 1924இல் இரு லீகுகளின் சாம்பியன்கள் மோதிய தொடரில் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ், ஹில்டேல் அணியை வென்றது. 1926இல் ஃபாஸ்டர் நோயுற்றார். கிழக்கு லீக் 1928இலும் அவருடைய லீக் 1931இலும் முடிந்தன. முதல்தர லீகுகள் எவை என்று தீர்மானிக்க 1969இல் அமைந்த குழு ஆறு லீகுகளைப் பட்டியலிட்டது. அவற்றில் கருப்பினத்தவர் லீக் ஒன்றும் இல்லை. அந்தப் பெரும்பிழை 2020 டிசம்பரில்தான் திருத்தப்பட்டது.

நீதிமன்றத்தில்

1915 சமாதானத்தில் தனக்குக் கிடைத்தது போதாதென்று பால்டிமோர் ஃபெடரல் கிளப் மட்டும் உடன்படவில்லை. ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்து, முதல் நீதிமன்றத்தில் 2,40,000 டாலர் இழப்பீடு வென்றது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1922 மே 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒருமித்த தீர்ப்பை நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதினார்: பேஸ்பால் ஆட்டம் மாநிலத்துக்குள் நடக்கும் காட்சி, அணிகள் எல்லை கடந்து பயணிப்பது அதற்குத் துணையான செயலே, ஆகவே அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது. ரயிலில் நாடு முழுதும் சுற்றிப் பணம் ஈட்டிய தொழிலைப் பற்றி இப்படி ஒரு முடிவு வந்தது இன்றும் வியப்பளிக்கிறது. அதன்பின் நேஷனல், அமெரிக்கன் லீகுகளுக்கு எதிராக முதல்தரத்தில் நிலைத்து ஆடிய புதிய போட்டி லீக் எதுவும் எழவில்லை. பேரம் பேச வேறு வாசல் இல்லாமல் தக்கவைப்பு விதி நீடித்தது.

1969இல் செயின்ட் லூயிஸ் தன்னைக் கேட்காமல் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை கருப்பின வீரர் கர்ட் ஃபிளட் ஏற்க மறுத்து, வார்ட் எண்பதாண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்வியோடு வழக்காடினார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1975இல் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு பிட்சர்கள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் அந்தப் பருவத்தைக் கடந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ், கிளப்பின் உரிமை ஓராண்டுக்கு மேல் செல்லாது என்று முடிவு சொன்னார். பஃபலோவில் ஐந்து பெயர்களோடு தொடங்கிய விதிக்கு அப்போது வயது 96.